வருகை 92 சதவீதம். வராதவர்கள் யார்?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம், பெங்களூரில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அவர்கள் கம்பெனியில் எத்தனை பெண்கள், எந்தெந்த ஊர்க்காரர்கள், யாருக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது, யார் பாதியில் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டு, எங்கே ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்று பார்க்கிறார்களாம். "டீச்சர், இந்த டேட்டா அனாலிசிஸை நம்ம கவர்மென்ட் ஸ்கூலில் செய்தால் எவ்வளவு நல்லா இருக்கும்!" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது, அவன் மேல் இல்லை.

நம் பள்ளிக்கூடங்களில் தகவலுக்குப் பஞ்சமே கிடையாது. நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் புத்தகம், சத்துணவுப் பதிவேடு, உதவித்தொகைப் பட்டியல் என்று பீரோ நிறைய இருந்தது. ஏப்ரல், மே வெயிலில் வீடு வீடாகப் போய் பள்ளி செல்லாப் பிள்ளைகளின் கணக்கெடுப்பு வேறு. இப்போது எமிஸ் வந்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண். அப்பா பேர், அம்மா பேர், இனம், வீட்டு முகவரி, ரத்த வகை வரை உள்ளே இருக்கிறது. மத்திய அரசின் யூடைஸ் கணக்கிலும், முன்பு பள்ளிவாரியாக மொத்தம் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்ததை 2022-23 முதல் ஒவ்வொரு மாணவராகக் கொடுக்கிறார்கள். சர்வர் மெதுவாக இருக்கிறதென்று ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்து ஏற்றிக்கொண்டிருக்கும் ஆசிரியப் பிள்ளைகள் உங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். இவ்வளவும் மேலே போகிறது. கீழே திரும்பி வருவது ஒரே ஒரு எண்: உங்கள் பள்ளியின் சராசரி வருகை இத்தனை சதவீதம். அவ்வளவுதான்.

சராசரி என்ன செய்யும் என்று நாலாம் வகுப்புக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். ஒரு பள்ளியில் 100 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 88 பேர் நூற்றுக்கு 97 நாள் வருகிறார்கள். 12 பேர் 55 நாள்தான் வருகிறார்கள். மொத்தச் சராசரி போட்டால் 92 வரும். பார்வையிட வரும் அதிகாரி "பரவாயில்லை, நல்ல வருகை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அந்தப் 12 பேர் வருஷத்தில் பாதி நாள் பள்ளிக்கூடத்தில் இல்லை என்பது அந்த 92-க்குள் மறைந்து போகும். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்தப் 12 பேரையும் 'நீண்ட நாள் வருகை இல்லை' என்று பேர் அடித்துவிட்டால், பள்ளியின் வருகை ஒரே நாளில் 97 சதவீதம் ஆகிவிடும். பிள்ளை போகும், சதவீதம் ஏறும். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட தலைமையாசிரியர்கள் எல்லா மாவட்டத்திலும் இருந்திருக்கிறார்கள்.

ஆகவே சராசரியைக் கேட்காதீர்கள், பிரித்துக் கேளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. எப்படிப் பிரிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தை 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரித்த சமயத்தில் நான் ஒரு ஈராசிரியர் பள்ளியில் இருந்தேன். பேர் வேண்டாம், அங்கே படித்தவர்களுக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் ஆண்கள் தனி, பெண்கள் தனியாக எழுதியிருக்கும். மாதக் கடைசியில் கூட்டல் சரியாக வரும். சராசரியும் தொண்ணூறுக்கு மேல்தான். ஒரு கோடை விடுமுறையில் அந்த வருஷத்துப் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்து வந்து, ஒரு சார்ட் அட்டையில் பேர்களை வேறு விதமாக எழுதினேன். வகுப்பு வாரியாக இல்லை, பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று பார்த்து. மேலே ஊர்த்தெரு, அதன் கீழே காலனி, கடைசியில் ஏரிக்கரை இருளர் குடியிருப்பு. பக்கவாட்டில் ஜூன் முதல் ஏப்ரல் வரை மாதங்கள். முக்கால்வாசி நாள் வந்த மாதத்துக்கு நீலப் பென்சில், இல்லாவிட்டால் சிவப்பு.

மேலே முழுக்க நீலம். காலனியிலும் பெரும்பாலும் நீலம். கடைசி ஒன்பது வரிகளில் டிசம்பர் வரை நீலம், ஜனவரியிலிருந்து சிவப்போ சிவப்பு. தை பிறந்ததும் மேஸ்திரி வந்து முன்பணம் கொடுத்து, குடும்பத்தோடு செங்கல் சூளைக்கு அழைத்துப் போய்விடுவார். மழை வரும் வரை அங்கேதான். "அதுங்க அப்படித்தான் டீச்சர், படிப்பு ஏறாது" என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்த பேச்சுக்கு அந்த அட்டை பதில் சொன்னது. ஜூன் முதல் டிசம்பர் வரை ஊர்த்தெருப் பிள்ளைகளுக்குச் சமமாக வந்த பிள்ளைகளுக்குப் படிப்பில் விருப்பமில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? பிரச்சினை பிள்ளையிடம் இல்லை, ஜனவரியில் இருந்தது.

ஜனவரி என்று தெரிந்துவிட்டால் வேலை சுலபம். அடுத்த வருஷம் மார்கழியிலேயே பெற்றோர்களைப் பார்த்து எந்தச் சூளை, எந்த ஊர் என்று கேட்டு எழுதிக்கொண்டோம். அந்தச் சூளைக்குப் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியருக்கு, "இந்தப் பிள்ளைகள் இந்தந்த வகுப்பு, இந்தந்தப் பாடம் வரை நடத்தியிருக்கிறது, ஆறு மாதம் உட்கார வையுங்கள், ஜூனில் எங்களிடம் திரும்பி விடுவார்கள்" என்று கடிதம் கொடுத்தனுப்பினோம். பேரை அடிக்கவில்லை. ஒன்பது பேரில் ஏழு பேர் ஜூனில் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் வரவில்லை. அவர்கள் போன சூளைக்கு அருகில் பள்ளியே இல்லை என்று பிறகு தெரிந்தது.

அதே பதிவேட்டில் இன்னொன்றும் கண்ணில் பட்டது, அது நான் தேடாதது. மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பெண் பிள்ளைகள் சிலருக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் வருகை இல்லை. மாதக் கணக்கில் நாலு நாள்தானே, யாரும் கவனிக்க மாட்டார்கள். செவ்வாய் சந்தை நாள். அம்மா கீரையும் கத்தரிக்காயும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவாள். கைக்குழந்தையை இந்தப் பெண் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே வீட்டு அண்ணன் அன்றைக்கும் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அங்கன்வாடி அம்மாவிடம் பேசி, செவ்வாய் மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் திறக்க வைத்தோம். பாதி சரியாயிற்று. மீதிப் பாதிக்கு, குழந்தையையும் தூக்கிக்கொண்டே வகுப்புக்கு வா என்று சொன்னோம். உங்களில் யார் யார் மடியில் தம்பி பாப்பா இருந்தது என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது!

இதற்கு கம்ப்யூட்டர் வேண்டியிருக்கவில்லை. ஆனால் 40 பிள்ளைகளுக்கு ஒரு கோடை விடுமுறை முழுக்க ஆயிற்று. இன்றைக்கு எமிஸில் இருக்கும் அதே தகவலைக் குடியிருப்பு வாரியாக, மாதவாரியாக, கிழமைவாரியாகப் பிரித்து ஒரே பக்கத்தில் தலைமையாசிரியர் கையில் கொடுக்க ஒரு நிமிஷம் போதும். அப்படிக் கொடுத்தால், ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்து ஏற்றுவதற்கும் ஒரு அர்த்தம் இருக்கும்.

பிரிப்பதிலும் ஒரு ஆபத்து உண்டு. 'மற்றவர்கள்' என்ற கட்டம். இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது, சரித்திரத்தில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822-இல், ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை மாணவர்கள், அவர்கள் எந்தச் சாதி, ஆணா பெண்ணா என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 1826-இல் எல்லாம் தொகுத்தபோது மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். மக்கள்தொகை ஒரு கோடியே 28 லட்சத்துக்கு மேல். பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். இருநூறு வருஷத்துக்கு முன்பே இவ்வளவு விவரமாக எண்ணியிருக்கிறார்கள் என்று ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அந்தப் படிவத்தின் கட்டங்களைப் பாருங்கள்: பிராமணர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள், 'மற்ற எல்லாச் சாதியாரும்'. அந்தக் கடைசிக் கட்டத்துக்குள் யார் இருந்தார்கள், யார் பள்ளிக்கூடத்துப் பக்கமே வர முடியாமல் இருந்தார்கள் என்று அந்தக் கணக்கை வைத்து இன்றைக்கு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எங்கள் ஏரிக்கரைப் பிள்ளைகளும் அப்படி ஒரு கட்டத்துக்குள்தான் போய் விழுந்தார்கள். இருளர்கள் பழங்குடியினர். அதிலும் மத்திய அரசு 'மிகவும் நலிந்த' பழங்குடிகள் என்று தனியாகக் குறித்திருக்கும் தமிழகத்து ஆறு பிரிவுகளில் ஒன்று. மற்ற இனத்தாருக்குத் தாசில்தார் அலுவலகத்திலேயே சாதிச் சான்றிதழ் கிடைத்துவிடும். பழங்குடி என்றால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். அப்பாவுக்குச் சான்று இருக்கிறதா என்பார்கள். அப்பா பள்ளிக்கூடமே போகாதவர், அவருக்கு எங்கே சான்று? சான்று இல்லாததால் பிள்ளைக்கு எதிரே அந்தக் கட்டம் காலியாக இருக்கும். யாராவது ஒரு வேகத்தில் 'இதரர்' என்று நிரப்பிவிடுவார்கள். அதோடு அந்தப் பள்ளியில் பழங்குடிப் பிள்ளைகள் பூஜ்யம். பூஜ்யம் பேருக்கு உதவித்தொகை எதற்கு, விடுதி எதற்கு, சூளைப் பக்கத்தில் பள்ளி எதற்கு? அதனால்தான் ஆசிரியப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், உங்கள் பள்ளிக் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது காலிக் கட்டங்களையும் 'மற்றவர்கள்' கட்டத்தையும்தான். சான்று இல்லாத பிள்ளைகளின் பட்டியலைத் தனியாக எடுத்துக்கொண்டு கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போனால், பத்து மனு அனுப்பியதற்குச் சமம்.

எண்ணிக் காட்டினால் சட்டமே வரும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று நீதிபதி கலையரசன் ஆணையம் கணக்கெடுத்துப் பார்த்தது. 10 சதவீதம் ஒதுக்கச் சொன்னது, அரசு 7.5 என்று முடிவு செய்து 2020-இல் சட்டம் கொண்டுவந்தது. முதல் வருஷமே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் சேர்த்து 400-க்கும் மேற்பட்ட இடங்கள். அடுத்த வருஷம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. 'தகுதி இல்லாததால் வரவில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்த பேச்சை எந்த மேடைப் பேச்சாலும் நிறுத்த முடியவில்லை. அட்டவணை நிறுத்தியது.

அதே எண்ணை வைத்துப் பிள்ளையை வெளியே தள்ளவும் முடியும். பத்தாம் வகுப்பில் '100 சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் கட்டுகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்பதாம் வகுப்பு ஞாபகம்தான் வரும். எட்டு வரை யாரையும் நிறுத்தக் கூடாது. ஒன்பதில் 'உன் பையன் பத்தாவது தேற மாட்டான், டி.சி. வாங்கிக்கோ' என்று சொல்லி அனுப்பிவிட்டால் பத்தாவதில் எல்லோரும் பாஸ். கேட்க வேண்டிய கேள்வி வேறு: நாலு வருஷத்துக்கு முன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இந்த வருஷம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்? எழுதாதவர்கள் எந்தத் தெரு, ஆணா, பெண்ணா? இதைச் சேர்க்கைப் பதிவேட்டையும் தேர்வுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒரு மத்தியானத்தில் பார்த்துவிடலாம். பேனர் கட்டும் பள்ளிகளில் இந்த மத்தியானம் ஏனோ வருவதே இல்லை.

இப்போது, உங்களில் சிலர் கேட்கப் போகும் கேள்விக்கு வருகிறேன். போன பொங்கலுக்கு வந்திருந்த என் தங்கை மகனும் இதையேதான் கேட்டான்: "பெரியம்மா, பள்ளிக்கூடத்தில் சாதி கேட்டு எழுதுவதால்தானே சாதி வளர்கிறது? அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டால் என்ன?"

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிப் பையன்களே சக மாணவனின் வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டியது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, வகுப்பில் சாதியைக் குறிப்பிட்டுக் கூப்பிடக் கூடாது, கையில் கயிறு கூடாது, உதவித்தொகை விஷயத்தை எல்லோர் முன்பும் அறிவிக்காமல் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நான் முழு மனதாக ஏற்கிறேன். ஏனென்றால் உதவித்தொகைப் படிவம் வரும் நாள்களில் என்ன நடக்கும் என்று பார்த்தவள் நான். ஒரு பள்ளிக்கு வந்த அலுவலர், வாசலில் நின்றுகொண்டே "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார். முப்பது பிள்ளைகளில் எட்டுப் பேர் எழுந்தார்கள். அதுவரை ஒரே பெஞ்சில் தோளில் கை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள். உட்கார்ந்திருந்தவர்கள் நின்றவர்களைப் பார்த்தார்கள். அன்றைக்குச் சாயந்திரம் விளையாட்டில் இரண்டு அணி வேறு மாதிரி பிரிந்தது. நின்றவர்களில் சிலர் இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அதனால் தங்கை மகனுக்குச் சொன்ன பதில் இதுதான். வகுப்பறையில் வாய்விட்டுப் படிக்கும் ஏட்டில் சாதி கூடாது. பூட்டிய பீரோவுக்குள், தலைமையாசிரியரின் தாளில், பேர் இல்லாமல் கூட்டுத்தொகையாக அது கட்டாயம் வேண்டும். டாக்டர் நம் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்க்க வேண்டும், வராந்தாவில் ஒட்டி வைக்கக் கூடாது. அவன், "கவர்மென்ட் பீரோ பூட்டியா இருக்கும்?" என்று சிரித்தான். நியாயமான சிரிப்புதான். பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே எந்தெந்தக் கல்லூரியிலிருந்தோ பேர் சொல்லி வீட்டுக்குப் போன் வருகிறதே, அந்த நம்பர் எப்படிப் போயிற்று? பிள்ளைகளின் தகவலைச் சேர்ப்பவர்கள் முதலில் அதைக் காக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் அரசாங்கம் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு, மேலே இருந்து யாரும் கேட்காத ஒரு கணக்கையும் சொல்கிறேன். ஒரு வாரம், ஒரு சின்ன நோட்டில் கோடு போட்டுக்கொண்டு வாருங்கள். கேள்விக்குப் பதில் சொல்ல யாரை எழுப்பினீர்கள்? தண்ணீர் எடுக்க, பெருக்க, டீ வாங்க யாரை அனுப்பினீர்கள்? கலெக்டர் வந்தால் பூச்செண்டு கொடுக்க யாரை நிறுத்தினீர்கள்? வெள்ளிக்கிழமை மத்தியானம் எண்ணிப் பாருங்கள். அந்த நோட்டை யாருக்கும் காட்ட வேண்டாம். அரசுப் பள்ளியிலேயே ஆங்கில வழி, தமிழ் வழி என்று இரண்டு பிரிவு இருக்கும் இடங்களில், எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பிரிவில் என்றும் பாருங்கள். ஒரே கூரைக்குக் கீழே ஊரும் காலனியும் உருவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

ஆசிரியராக இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பேர் பெற்றோர். இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போனால் சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டியோடு டீ குடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்: போன வருஷம் பேர் அடித்தது எத்தனை, அவர்கள் எந்தக் குடியிருப்பு? இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு முடித்தவர்களில் ஆறாம் வகுப்பில் சேராதவர்கள் யார்? பேரைச் சபையில் சொல்லச் சொல்லாதீர்கள், எண்ணிக்கை போதும். பேர்களைத் தலைமையாசிரியர் கையில் வைத்துக்கொண்டு, நாலு பேராக வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பத்துப் பேருக்குள்தான் இருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

சார்ட் அட்டையில் எப்படிக் கட்டம் போட்டேன் என்று கேட்டால் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். எக்செல் தெரிந்த பிள்ளைகள் யாராவது அதைச் செய்து தந்தால் மற்றவர்களுக்கும் உதவும். ஒரே ஒரு குறிப்பு: கணக்கை ஜூன் முதல் வாரத்திலேயே எடுத்துவிடாதீர்கள். சூளைக்குப் போன குடும்பங்கள் சில ஊர்களில் ஜூன் கடைசியில்தான் திரும்புவார்கள். ஜூலை முதல் வாரம் எடுங்கள். அப்போதும் வராதவர்களின் பேரை அடிக்காமல், எதிரே சூளை இருக்கும் ஊரின் பேரைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.